நாற்பத்தேழு எழுத்துக் கோப்பை

அன்றைக்கு மைதானத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை என் தம்பி வேறு மாதிரி சொல்வான். அவன் சொல்லும்போது வருடத்துக்கு வருடம் கூட்டம் ஏறிக்கொண்டே போகும். இருந்தது இவ்வளவு பேர்தான்: நான், கல்லூரி அணியில் ஸ்டாப்பராக ஆடிய என் தம்பி, தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருந்த எங்கள் தாய்மாமா, எங்களையும் கோப்பைகளையும் ஏற்றி வந்த சைக்கிள் ரிக்‌ஷாக்காரர், எதிரணியாக ஆடிய வங்கியின் விளையாட்டுச் செயலாளர், பரிசு கொடுக்க வந்த தலைமை விருந்தினர். மற்ற ஆட்டக்காரர்கள் இருபத்தொரு பேர், விசிலும் கொடியுமாக மூன்று பேர், போட்டிக் குழுவில் நாலு பேர். வேலி ஓரமாக முந்நூறு பேர் நின்றிருப்பார்கள். அவர்களை நான் சாட்சிக்குக் கூப்பிடப் போவதில்லை.

கைரிக்‌ஷாவை ஒழித்துவிட்டு சைக்கிள் ரிக்‌ஷா கொடுத்திருந்த சமயம் அது. எங்கள் ரிக்‌ஷாக்காரர் அந்தப் புது வண்டிக்குச் சந்தனப் பொட்டு வைத்து, பின்னால் ஒரு கால்பந்துப் படமும் எழுதியிருந்தார். வியாசர்பாடியில் பிறந்து வெறுங்காலால் பத்து வருடம் ஆடியவர். அதனால் பந்து விஷயத்தில் அவர் சொல்வதுதான் எனக்குக் கடைசித் தீர்ப்பு.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு மாமா கடைக்கு வந்தவன். என் வேலை, பாத்திரத்தில் பேர் வெட்டுவது. எவர்சில்வர் தூக்கு, பித்தளைக் குடம், ஓய்வு பெறுகிறவருக்குக் கொடுக்கும் தட்டு, எதுவானாலும் மேலே சாக்பீஸ் பொடி தடவி, பென்சிலால் எழுத்தை வரைந்து, சிற்றுளியை வைத்துச் சின்னச் சுத்தியால் புள்ளி புள்ளியாகத் தட்ட வேண்டும். வெட்டிய புள்ளியை அழிக்க முடியாது. கவலைப்படுகிற பையன் என்று பார்த்து மாமா இந்த வேலையைக் கொடுத்தாரா, இந்த வேலை பார்த்து நான் கவலைப்பட ஆரம்பித்தேனா என்பது எனக்கே தெரியவில்லை. ஒருமுறை கல்யாணக் குடம் ஒன்றில் மாப்பிள்ளை பேரையும் பெண் பேரையும் சேர்த்து வெட்டிவிட்டு, கல்யாணம் நின்றுபோனால் இந்தக் குடத்தை யார் வாங்குவார்கள் என்று யோசித்து யோசித்து, முகூர்த்தத்தன்று மண்டப வாசல் வரை நடந்து போய்க் கெட்டிமேளம் கேட்ட பிறகுதான் திரும்பினேன்.

தம்பி எனக்கு நேர் எதிர். அவனுக்குக் கவலைப்படுவதற்கு நேரமே இருந்ததில்லை. மயிலாப்பூரில் ஒரு கல்லூரியில் பந்தாட்டத்துக்காகவே இடம் கொடுத்துச் சேர்த்திருந்தார்கள். ஸ்டாப்பர் என்றால், எதிரணி ஆள் கோலைப் பார்த்து ஓடி வரும் வழியில் நட்டநடுவே நின்று மறிப்பவன். அவனுக்குக் கைதட்டு கிடையாது. கோல் போட்டவனைத் தூக்கிக்கொண்டு போவார்கள், கோல் விழாமல் பார்த்துக்கொண்டவன் தன் சட்டையைத் தானே பிழிந்து காயப் போட வேண்டும். ஆனால் ஆள் வளர்த்தியும் அகலமும் அவனுக்கு அதற்காகவே அமைந்திருந்தன. அவன் வாசலில் வந்து நின்றால் எங்கள் அறை இருட்டாகிவிடும்.

பந்து உதைத்துப் பிழைக்க முடியுமா என்று இப்போது பிள்ளைகள் கேட்கிறார்கள். அப்போது சென்னையில் அதற்குச் சம்பளம் என்று தனியாக ஒன்றும் இல்லை. வங்கி, துறைமுகம், ரயில்வே என்று பெரிய அலுவலகங்கள் அணி வைத்திருந்தன. நன்றாக ஆடுகிறவனுக்கு ஒரு நாற்காலி கொடுப்பார்கள். காலையில் பத்து மணிக்குக் கையெழுத்துப் போட வேண்டும், இரண்டு மணிக்கு மேல் மைதானத்துக்குப் போய்விடலாம். முழங்கால் தேய்ந்து ஆட்டம் நின்ற பிறகும் அந்த நாற்காலி நிற்கும். கல்கத்தாவில் ரொக்கமாகவே கையில் கொடுக்கிறார்கள் என்று தம்பி ஒருநாள் ஆரம்பித்தான். அந்த ஊர்ச் சாப்பாடு, அந்த ஊர்த் தண்ணீர், போகிற வழியில் ரயில் கடக்க வேண்டிய ஆறுகள் என்று நான் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். நாலாவது ஆற்றில் அவன் தூங்கிப்போனான்.

ஆக எங்களுக்கு இருந்த ஒரே வழி, உள்ளூர் வங்கி ஒன்றின் அணி. அதில் நெடுநாள் ஸ்டாப்பராக இருந்தவருக்குப் பதவி உயர்வு வந்து, பதவியோடு வயிறும் வந்துவிட்டது. அந்த வருடம் புதிதாக ஒரே ஒரு ஸ்டாப்பரை எடுப்பார்கள் என்று பேச்சு. மூன்று பேர் மேல் கண் வைத்திருந்தார்கள். துறைமுகப் பக்கத்து ஆள் ஒருவன், நங்கநல்லூரிலிருந்து ஒருவன், மூன்றாவதாக என் தம்பி.

மாமாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை என்று சொல்ல முடியாது. அவர் கணக்கு வேறு. பங்குனி முடிவதற்குள் வங்கியிலிருந்து காகிதம் வந்தால் சரி, வராவிட்டால் சித்திரை ஒன்றாம் தேதி, புதுக்கணக்கு போடும்போது தம்பியும் கடையில் வந்து உட்கார வேண்டும் என்று சொல்லியிருந்தார். அதிலும் அவருக்கு ஒரு நியாயம் இருந்தது.

“வார ஆளைத் தாண்ட விடாம மறிக்கான்லா, அந்தத் திறமை நம்ம கடைக்குத்தாம்ல வேணும். வாசல்ல நிப்பாட்டிட்டா ஒரு கரண்டியாவது வாங்காம எவனும் வெளிய போமாட்டான்.”

நான் சிரிக்கவில்லை. அப்பா இறந்தபோது இரண்டு பேரில் ஒருவன்தான் படிக்க முடியும் என்று ஆனது. நான் இறங்கிக்கொண்டேன். இறங்கியவனுக்கு, ஏறியவன் பாதி வழியில் இறங்கி வந்து பக்கத்தில் உட்காருவதைப் பார்க்கிற தைரியம் கிடையாது. கடையில் எனக்கு எதிரே இருந்த காலி முக்காலியைக்கூட நான் கோணிப்பை போட்டு மூடி வைத்திருந்தேன்.

ரிக்‌ஷாக்காரரிடம் தினமும் கேட்பேன். அவரும் சலிக்காமல் சொல்வார்.

“உன் தம்பி காலு கீதே, அது கோயில் கதவு மாரி நைனா. தொறந்தா தொறக்கும், மூடுனா எவனும் உள்ள போ முடியாது. ஆனா எடது காலு? அது சும்மா நிக்கறதுக்குத்தான். பந்து எடது பக்கம் வந்தா அவன் யோசிப்பான். ஸ்டாப்பர் யோசிக்கவே கூடாது, தெரிதா?”

அதற்குப் பிறகு தம்பி எந்தக் காலால் செருப்பு மாட்டுகிறான் என்பது வரைக்கும் நான் கவனிக்க ஆரம்பித்தேன்.

அப்படியிருக்கும்போதுதான் எங்கள் கடைக்கு ஒரு கோப்பை ஆர்டர் வந்தது. மயிலாப்பூரில் கடற்கரைக்குப் போகிற வழியில் ஒரு மைதானத்தில் நடக்கிற போட்டி அது. ஜெயித்தவர்களுக்கு வெள்ளி முலாம் பூசிய பெரிய கோப்பை, தோற்றவர்களுக்குச் சின்னது. போட்டியின் பேரையும், பெரியதில் ‘வின்னர்ஸ்’ என்றும், சின்னதில் ‘ரன்னர்ஸ்’ என்றும் கடையிலேயே வெட்டியாயிற்று. அணியின் பேரைத்தான் இறுதி ஆட்டம் முடிந்ததும் மைதானத்திலேயே உட்கார்ந்து வெட்ட வேண்டும். அது எங்கள் கடையின் வழக்கம். பேர் இல்லாத கோப்பையைக் கொடுத்துவிட்டு, நாளைக்குக் கடைக்கு வாருங்கள் என்று மாமா யாரையும் அனுப்பியதில்லை. கோப்பையை மணல் பையின் மேல் படுக்க வைத்து, நான் வெட்டி முடித்து, துணியால் துடைத்து நீட்டுவேன். விருந்தினர் வாங்கி, கேப்டன் கையில் கொடுப்பார். சின்னக் கோப்பைக்கு மட்டும் விதிவிலக்கு. தோற்றவர்கள் அவசரப்பட மாட்டார்கள் என்பார் மாமா.

அரையிறுதி முடிந்தபோது இறுதிக்கு வந்த இரண்டு அணிகளில் ஒன்று கல்லூரி, இன்னொன்று அந்த வங்கி.

எனக்கு அன்றிலிருந்து இரண்டு பக்கமும் கவலை. தம்பி மோசமாக ஆடினால் வங்கிக்காரர்கள் எடுக்க மாட்டார்கள். நன்றாக ஆடி அவர்களையே தோற்கடித்துவிட்டால், அந்தக் கோபத்தில் எடுக்க மாட்டார்கள். நன்றாக ஆடி, அதே சமயம் தோற்றால் எடுப்பார்களோ? ஆனால் அப்படித் தோற்கச் சொல்லி ஒரு தம்பியிடம் எப்படிச் சொல்வது? ரிக்‌ஷாக்காரரிடம் கேட்டேன். அவர் வண்டியை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரு முழு நிமிடம் பார்த்தார். பிறகு மிதிக்க ஆரம்பித்தார்.

இதற்கு மேல் இன்னொரு கவலையும் சேர்ந்தது. அது எழுத்துக் கவலை. கல்லூரியின் பேர் ஆங்கிலத்தில் பத்தொன்பது எழுத்து. வங்கியின் பேர், அதோடு விளையாட்டு மற்றும் பொழுதுபோக்குக் கழகம் என்பதையும் சேர்த்து நாற்பத்தேழு எழுத்து. வளைந்த கோப்பையில் ஓர் எழுத்துக்கு ஒரு நிமிடம் பிடிக்கும். ஆட்டம் ஐந்தரைக்கு முடியும். விருந்தினருக்கு ஆறு மணிக்குச் சபாவில் கச்சேரி, ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது காரில் ஏறிவிடுவார் என்று குழுவினர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். கல்லூரி ஜெயித்தால் விசில் ஊதிய பிறகு ஆரம்பித்தாலும் முடித்துவிடலாம். வங்கி ஜெயித்தால், இடைவேளையிலேயே ஆரம்பித்தால்தான் உண்டு. அதாவது, யார் ஜெயிப்பார்கள் என்பதை மற்ற எல்லோருக்கும் முன்னால், பாதி ஆட்டத்திலேயே நான் ஒருவன் முடிவு செய்தாக வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரிக்‌ஷாவில் மாமாவும் நானும் உட்கார்ந்து, மடியில் ஆளுக்கொரு கோப்பையோடு தேனாம்பேட்டை, ஆழ்வார்ப்பேட்டை தாண்டி லஸ் முனைக்கு வருவதற்குள் ஏழு பேர் எங்களைப் பார்த்துக் கும்பிட்டார்கள். என்ன ஜெயித்தோம் என்று நினைத்தார்களோ. மாமா எல்லோருக்கும் பதிலுக்குக் கும்பிட்டார்.

மைதானத்தின் நடுக்கோட்டுக்கு நேராகப் பந்தல் போட்டு, பந்தலின் ஓரத்தில் எனக்கு மேசை போட்டிருந்தார்கள். என் மேசைக்குப் பக்கத்து நாற்காலியில்தான் வங்கியின் விளையாட்டுச் செயலாளர் வந்து உட்கார்ந்தார். சாம்பல் நிற சஃபாரி உடை, நெற்றியில் மெல்லிய ஸ்ரீசூர்ணக் கோடு, கையில் மூக்குப்பொடி டப்பா. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டையும் எடுத்தார். தம்பியின் எதிர்காலம் அந்த நோட்டுக்குள்தான் எழுதப்படப் போகிறது.

நாலேகாலுக்கு ஆட்டம் தொடங்கியது. தம்பி பந்தை எடுக்கும்போதெல்லாம் நான் பந்தைப் பார்க்கவில்லை, நோட்டைப் பார்த்தேன். அவர் இரண்டு முறை ஏதோ எழுதினார். ஒன்று, தம்பி அவர்களுடைய சென்டர் ஃபார்வர்டை உரசித் தள்ளிப் பந்தை எடுத்தபோது. இன்னொன்று, ஒன்றுமே நடக்காதபோது. அதுதான் எனக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது.

இருபதாவது நிமிடத்தில், ரிக்‌ஷாக்காரர் சொன்னபடியே, பந்து தம்பியின் இடது பக்கம் வந்தது. தம்பி யோசித்தான். வலது காலுக்கு மாற்றிக்கொள்ளப் போன அந்த ஒரு நொடியில் சென்டர் ஃபார்வர்டு பந்தைக் கொத்திக்கொண்டு போய் கோலுக்குள் தள்ளிவிட்டான். வங்கி ஊழியர்கள் ஐம்பது பேர் குடையைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார்கள். மாமா என் பக்கம் குனிந்து, கடையில் தம்பிக்கு எவர்சில்வர் பக்கம் கொடுக்கலாமா பித்தளைப் பக்கம் கொடுக்கலாமா என்று கேட்டார்.

இடைவேளை. பையன்கள் உப்புத் தொட்ட எலுமிச்சைத் துண்டைச் சப்பிக்கொண்டிருந்தார்கள். செயலாளர் காபி குடிக்க எழுந்து போனார். நோட்டு நாற்காலியில் திறந்தபடி கிடந்தது. பிறர் எழுதியதைப் படிப்பது தப்புதான். படித்தேன். வாழைக்காய் இரண்டு, சேனை ஒரு கிலோ, துவரம்பருப்பு, பெருங்காயம் கட்டியாக.

அவ்வளவுதான். தம்பியைப் பற்றி ஓர் எழுத்துகூட இல்லை. திட்டியாவது எழுதியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். வீட்டில் சொல்லி அனுப்பிய சாமான்கள் நினைவுக்கு வர வர எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்.

குழுவிலிருந்து ஒருவர் வந்து, நேரமாகிறது, எந்தப் பேர் என்று முடிவு செய்தீர்களா என்று அவசரப்படுத்தினார். நான் மாமாவைப் பார்த்தேன். மாமா கடிகாரத்தைப் பார்த்தார். நான் கோப்பையை மணல் பை மேல் படுக்க வைத்து, வங்கியின் முதல் எழுத்தின் மேல் உளியை வைத்தேன்.

டிக், டிக், டிக்.

பத்து எழுத்து வரை யாரும் கவனிக்கவில்லை. பதினாலாவது எழுத்தில் இருந்தபோது பந்து கோட்டைத் தாண்டி என் மேசைக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. அதை எடுத்து எறிய வந்தவன் தம்பி. பந்தை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தவன் கோப்பையைப் பார்த்தான். அவன் கல்லூரியில் படிக்கிறவன், தலைகீழாக இருந்தாலும் ஆங்கிலம் வாசிப்பான்.

“முடிவே பண்ணிட்டியாண்ணே?”

“நேரம் பத்தாதுல. நாப்பத்தேழு எழுத்து. இது என் வேலைல்லா.”

அவன் பந்தைத் தலைக்கு மேலே தூக்கினான். எறிவதற்கு முன்னால், என் பக்கம் திரும்பாமலே சொன்னான்:

“நீ வெட்டு. எத்தன எழுத்து வெட்டுதன்னு நானும் பாக்கேன்.”

அந்த எறிதல் பாதி மைதானம் போனது.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதும்போது இப்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்குப் பயம்தான் வந்தது. நான் வெட்டுவதைப் பார்த்துவிட்ட வங்கி ஊழியர்கள் மேசையைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். ஓர் எழுத்து முடிந்ததும் அந்த எழுத்தைக் கூட்டமாகச் சேர்ந்து கத்தினார்கள். எஸ் முடிந்தால் எஸ், பி முடிந்தால் பி. ஒருவர் ஒவ்வொரு எழுத்துக்கும் குடைக்காம்பால் தகர நாற்காலியில் தட்டினார். பேர் வெட்டுகிறவனுக்கு யாரும் கைதட்டியதில்லை. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. இதை இதுவரை தம்பியிடம் சொன்னதில்லை.

அவர்கள் எழுத்தைக் கத்தக் கத்த, அங்கே தம்பி மூடிய கதவாகிவிட்டான். சென்டர் ஃபார்வர்டு மூன்று முறை வந்தான். முதல் முறை தம்பி தோளால் மறித்தான். இரண்டாம் முறை படுத்து எடுத்தான். மூன்றாம் முறை பந்து இடது பக்கம் வந்தது. நான் உளியை எடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் வரவில்லை. திறந்து பார்த்தேன். தம்பி யோசிக்கவில்லை. சும்மா நிற்பதற்கென்றே இருந்த அந்த இடது காலால் ஓங்கி உதைத்திருந்தான். பந்து போன இடத்தில் கல்லூரியின் சின்னப் பையன் ஒருவன் தனியாக நின்றான். அவன் அதை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் கோல் போட்டான்.

ஒன்றுக்கு ஒன்று. நான் இருபத்தொன்பதாவது எழுத்தில் இருந்தேன்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் சமனில் முடிந்தால் கூடுதல் நேரம், கூடுதல் நேரம் வந்தால் விருந்தினர் போய்விடுவார், கடைசியில் வங்கியே ஜெயித்தால் பாதிப் பேரோடு கோப்பை நிற்கும் என்று மனசு ஓட, கை தானாகத் தட்டிக்கொண்டே இருந்தது. முப்பது, முப்பத்தொன்று. மேசையைச் சுற்றி நின்றவர்கள் குரல் சிறுத்துக்கொண்டே வந்தது. முப்பத்தெட்டாவது எழுத்தில் ரிக்‌ஷாக்காரர் வந்து என் கையைப் பிடித்தார்.

“நைனா, இன்னா பண்ணிக்கினு கீற நீ? அவன் அங்க உசுர குடுத்துக்கினு கீறான், நீ இங்க கல்வெட்டு வெச்சிக்கினு கீற. குடு இத்த.”

சுத்தியைப் பிடுங்கிக்கொண்டு போய் ரிக்‌ஷா சீட்டுக்கு அடியில் போட்டு, அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

கடைசி நிமிடம். கடல் காற்று எழும்பிவிட்டது. தம்பி தன் கோலுக்குப் பக்கத்திலிருந்து பந்தை வெளியேற்றுவதற்காக மேலே உதைத்தான். வெளியேற்றுவதற்குத்தான், வேறு எண்ணம் இல்லை, அவனே சொல்லியிருக்கிறான், கதை பெரிதாவதற்கு முன்னால். அந்தப் பந்தைக் காற்று தூக்கிக்கொண்டது. முன்னேறி வந்து நின்றிருந்த வங்கியின் கோல்கீப்பர் அதைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடந்தார், நடந்தார், பிறகு ஓடினார். பந்து அவருக்கு முன்னால் குத்தி, தலைக்கு மேலே எழும்பி, வலைக்குள் போய் உட்கார்ந்தது. அடுத்த மூச்சில் விசில்.

நான் மேசை மேல் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு நினைவில்லை. கீழே மணல் பை உடைந்து சாக்பீஸ் பொடியோடு கலந்து கிடந்தது மட்டும் நினைவிருக்கிறது. அதன் நடுவே கோப்பை, வின்னர்ஸ் என்ற எழுத்துக்குக் கீழே, தோற்ற வங்கியின் பேரோடு பளபளவென்று கிடந்தது.

விருந்தினர் எழுந்துவிட்டார். சின்னக் கோப்பையைக் கொடுக்கலாம் என்றால் அதில் ரன்னர்ஸ் என்று இருக்கிறது. மாமா என்னைப் பார்த்த பார்வையில் என் மூன்று வருடச் சம்பளம் தெரிந்தது. ஆனால் அவர் கடைக்காரர். மேசை மேல் விருந்தினர் கழற்றி வைத்திருந்த ரோஜா மாலையை எடுத்தார், இரண்டு சுற்றாகக் கோப்பைக்குப் போட்டார், வங்கியின் முப்பத்தெட்டு எழுத்தும் மாலைக்குள் மறைந்தன. பார்க்க அம்சமாகவே இருந்தது. தன் மாலையைக் கோப்பைக்குப் போட்டதில் விருந்தினருக்கு ஒரே மகிழ்ச்சி. கேப்டன் வாங்கினான். வாங்கியவன் வாங்கியபடி இருக்காமல், தலைக்கு மேலே தூக்கிக் குலுக்கினான்.

மாலை நழுவி விழுந்தது, சரியாக விளையாட்டுச் செயலாளரின் காலடியில்.

அவர் கோப்பையைப் பார்த்தார். கண்ணாடியை மாற்றிக்கொண்டு மறுபடி பார்த்தார். நிதானமாக ஒரு சிட்டிகைப் பொடி போட்டார். தம்பி என் பக்கத்தில் வந்து நின்றிருந்தான், சட்டை முழுக்க மண். எங்கள் இருவருக்கும் சித்திரை ஒன்றாம் தேதி தெரிந்தது. அப்போது அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு தும்மல் வந்தது. தும்மலும் சிரிப்புமாக ஐந்து நிமிடம் அவரால் பேசவே முடியவில்லை. விருந்தினர் அதற்குள் காரேறிப் போயேவிட்டார்.

“கோல் போட்டதை விடு,” என்றார் தம்பியிடம். “அதைக் காத்துன்னா போட்டது. நீ மூணு தரம் அவனை நிறுத்தினே பாரு, அதைத்தான் நான் பாத்துண்டிருந்தேன். அதுவும் மூணாவது, எடது காலால.” பிறகு மாமாவிடம் திரும்பினார். “எங்க பேரை வெட்டியாச்சு. இனிமே இந்தக் கப்பு யாருக்கு உதவும்? மிச்சத்தையும் வெட்டி எங்களுக்கே அனுப்பிடுங்கோ, பில்லோட. கூடவே இந்தப் பையனையும் அனுப்புங்கோ. திங்கக்கிழமை பத்து மணிக்கு, சர்டிபிகேட்டெல்லாம் எடுத்துண்டு வரணும்.”

நான் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, நோட்டில் ஒன்றும் எழுதவில்லையே ஐயா என்று கேட்டுவிட்டேன். ஆட்டக்காரனை எழுதி வைத்துக்கொண்டு நினைவு வைக்க வேண்டியிருந்தால் அவன் ஆட்டக்காரனே இல்லை என்றும், வாழைக்காய்தான் மறந்துபோகிறது என்றும் சொன்னார்.

திரும்பும்போது மாமா பஸ்ஸில் போய்விட்டார். ரிக்‌ஷாவில் தம்பியும் நானும், நடுவில் கோப்பை. லஸ் தாண்டும் வரை அவன் சட்டையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே வந்தான். என்னை மன்னிக்கவே மாட்டான் என்று நான் ஒரு பக்கம் கவலைப்பட்டேன். இன்னொரு பக்கம், திங்கட்கிழமைக்குள் செயலாளருக்கு உடம்புக்கு ஏதாவது வந்துவிட்டால் என்று கவலைப்பட்டேன். ஆழ்வார்ப்பேட்டை அருகே அவன் கோப்பையை மடியில் எடுத்து வைத்து, விரலால் எழுத்துகளைத் தடவி எண்ணினான்.

“இன்னும் ஒம்பது பாக்கி,” என்றான். “அதையும் வெட்டிருண்ணே. இனிமே இதான நம்ம கட்சி.”

ரிக்‌ஷாக்காரர் திரும்பாமலே, சுத்தியலை இன்னும் தான் தரவில்லை என்பதை எங்களுக்கு நினைவுபடுத்தினார். மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் ரிக்‌ஷா நடைபாதை மேல் ஏறி இறங்கியது.

கல்லூரிக்கு மறுநாள் காலையிலேயே வேறு கோப்பை, பத்தொன்பது எழுத்தோடு போய்ச் சேர்ந்தது. தம்பிக்குப் பங்குனிக்குள் காகிதம் வந்தது. ஒன்பது வருடம் ஆடினான். முழங்கால் போன பிறகும் நாற்காலி நின்றது. அவனுக்கும் பதவி வந்தது, வயிறு வந்தது. கடையில் என் எதிரே இருந்த முக்காலியிலிருந்து கோணிப்பையை எடுத்தேன், அதில் வேறு ஒருவரும் உட்காரவில்லை, நான் கால் நீட்டிக்கொள்ள உதவியது.

அந்தக் கோப்பை இன்றைக்கும் வங்கியின் கழக அறையில் இருக்கிறது. தாங்கள் தோற்ற ஆட்டத்தின் வெற்றிக் கோப்பையை வைத்திருக்கிற அணி உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

பில்லுக்கு வருகிறேன். மாமா கோப்பையின் விலையை என் சம்பளத்தில் மாதா மாதம் பிடித்துக்கொண்டார், வங்கி கொடுக்கும்போது நீ வாங்கிக்கொள் என்று. நான் ஒரு வருடம் கேட்கவில்லை. கேட்டால் கோப்பையைத் திருப்பி அனுப்புவார்கள், கோப்பையோடு தம்பியையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயம். கடைசியில் கேட்டபோது, பில் கணக்குப் பிரிவில் நிற்கிறது என்று எடுத்துக் காட்டினார்கள். ‘மேற்படி ஆட்டத்தில் நமது அணி தோற்றிருக்க, வெற்றிக் கோப்பை வாங்கியது எதற்காக?’ என்று அதன் ஓரத்தில் ஒருவர் கேள்வி எழுதியிருந்தார். பதில் எழுத யாருக்கும் தெரியவில்லை.

கையெழுத்தைப் பார்த்தவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த குமாஸ்தா என் தம்பி. கேட்டதற்கு, “நேர்மைன்னு ஒண்ணு இருக்குல்லாண்ணே, ஸ்டாப்பர் வேலையே மறிக்கிறதுதான?” என்றான்.

கோப்பை நூற்று அறுபத்தைந்து ரூபாய். பேர் வெட்டிய கூலி எழுத்துக்குப் பத்துக் காசு வீதம் நாற்பத்தேழு எழுத்துக்கு நாலு ரூபாய் எழுபது காசு. வங்கி எனக்கு இன்னும் தர வேண்டியது நூற்று அறுபத்தொன்பது ரூபாய் எழுபது காசு.